மூன்று புள்ளிச் சரக்கு வெடிக்கவில்லை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், தெருக்காரர்களுக்கும், சூளைக்காரர்களுக்கும் அக்காவின் தம்பி நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் பேசிப் பழகாதவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கக் கூச்சப்படுவேன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. இந்தக் கட்டுரையை ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, பிறகுதான் எழுதினேன். அக்கா மகள் தேன்மொழி எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை.

“மாமா, இது நெனவு மலரு. சண்ட போடுற எடமா இது?” என்று கேட்டாள்.

“எனக்கு வேற எடம் யாரு குடுத்தாங்க?” என்றேன்.

அவளுக்காகவும்தான் எழுதுகிறேன். மூடிக் கிடக்கும் தன் அம்மாவின் பீங்கான் யூனிட்டை மறுபடி நடத்த வேண்டும் என்று போன மாதம் அவள் சூளைக்காரர்களிடம் போய்க் கேட்டாள். கிடைத்த பதில் இது: “மூணு புள்ளிக்கு ராசி இல்லம்மா. நீ வேற குறி போட்டுக்கினு வா, பாக்கலாம்.” திரும்பி வந்து, “வேற குறியே போட்டுக்கறேன் மாமா, பரவால்ல” என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். எங்கள் சரக்கின் குறியான மூன்று புள்ளி ஏன் ராசி இல்லாமல் போனது என்பதை இன்று சொல்லப்போகிறேன்.

அக்கா பிறந்தது ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். எனக்கு ஏழு வயதில் அம்மா தவறிவிட்டார். அப்போது அக்காவுக்குப் பதினான்கு. அன்றோடு அவருடைய படிப்பு நின்றது. எனக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்கா. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்பது அவர் குற்றமில்லை.

கல்யாணம் ஆகி விருத்தாசலம் வந்தார். அக்கா வீட்டுக்காரர் பீங்கான் வேலையில் அச்சு செய்பவர். பிளாஸ்டர் அச்சில் அவர் செய்யும் யானைக்கு, காது மடலில் நரம்பு தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தகரக் கொட்டகையில் சொந்த யூனிட் போட்டார்கள். விளக்கு, பொம்மை, ஊதுபத்திச் செருகி என்று சின்னச் சாமான்கள். என்னையும் வரவழைத்துக்கொண்டார்கள். அச்சில் களிக்கரைசல் ஊற்றுவதில் தொடங்கி, கடைசியில் எனக்கு வாய்த்தது சூளை அடுக்கும் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது. தேன்மொழி ஆறாவது படிக்கும்போது அக்கா வீட்டுக்காரர் நெஞ்சு வலியில் போய்விட்டார். முப்பதாம் நாள் அக்கா கொட்டகையைத் திறந்தார்.

அக்காவின் குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் பொம்மை வாங்க வந்தால், முதல் ஆளுக்கு விற்பார். இரண்டாவது ஆள் வந்தால், எதிர்க் கொட்டகையை எட்டிப் பார்த்து, “அவங்களுக்கு இன்னும் போணி ஆவல. அங்க பாத்துட்டு வாங்க, நல்லா இருக்கும்” என்று அனுப்பிவிடுவார். அதே பொம்மை எங்கள் பலகையிலும் இருக்கும். போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

கொரோனா வந்து எல்லாம் நின்றபோது, எதிரே டீக்கடை அண்ணன் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா வீட்டில் பால் இருந்தாலும் சொம்பை எடுத்துக்கொண்டு போய் அவரிடம்தான் டீ வாங்குவார்.

“அண்ணே, டீயா இது? கண்ணாடி கழுவுன தண்ணி மாதிரி இருக்குது.”

“பால்காரன் வரலம்மா. நாளைக்கு நல்லாப் போடுறேன்.”

“நாளைக்கும் இப்பிடியே போடுங்க. ஆனா கடைய மூடாதீங்க.”

எல்லா யூனிட்டும் அட்டைப் பெட்டிக்கு மாறிய பிறகும், அக்கா வைக்கோல் வைத்துத்தான் சரக்குக் கட்டினார். நல்லூரிலிருந்து வைக்கோல் கொண்டுவரும் பெரியவருக்கு வேறு வாடிக்கை இல்லை என்பதுதான் காரணம். “பீங்கானுக்கு வைக்கோலு மாதிரி வராது” என்று வெளியே சொல்லிக்கொள்வார்.

இனி சூளை விஷயம். வெளியூரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்காக விளக்கிச் சொல்கிறேன். எங்கள் வரிசையில் ஏழு யூனிட். ஏழுக்கும் ஒரே கேஸ் சூளை. தனி ஒருவர் சரக்கால் சூளை நிறையாது. பாதிச் சூளையைச் சுட்டாலும் முழுச் சூளைக்கு ஆகிற கேஸ் ஆகும். அதனால் ஏழு பேர் சரக்கையும் ஒரே டிராலியில் அடுக்கி, சூளைக்குள் தள்ளிச் சுடுவோம். இறக்கும்போது யாருடையது எது என்று தெரிய, சுடுவதற்கு முன்பே அடியில் ஒரு குறி கீறிவிடுவோம். எங்களுடையது மூன்று புள்ளி. இன்னொருவருக்குப் பிறை, இன்னொருவருக்குப் பெருக்கல். ஆட்களையும் குறி சொல்லித்தான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்துக் கொட்டகைக்காரருக்கு இரட்டைக்கோடு. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், அது என்ன பாவம் செய்தது? இரட்டைக்கோடு என்றே எழுதுகிறேன். இந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.

ஊரடங்கு முடிந்தும் தொழில் எழுந்திருக்கவில்லை. கேஸ் விலை ஏறியது. வடக்கிலிருந்து மெஷின் சாமான் மலிவாக வந்து இறங்கியது. இரண்டு யூனிட் பூட்டுப் போடத் தயாராக இருந்தது. அந்த வருடம் திருக்கார்த்திகைக்குச் சென்னைக் கடைக்காரர் ஒருவர், யானை முதுகில் அகல் வைத்த விளக்குப் பெரிய அளவில் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா ஒப்புக்கொண்டு, அதை ஏழு பங்காகப் பிரித்து ஏழு பேருக்கும் கொடுத்தார். தம் வீட்டுக்காரர் செய்த யானை அச்சையும் ஆளுக்குச் சிலவாகக் கொடுத்தார்.

“முழுசையும் நாமளே செஞ்சா இந்த வருசம் நிமுந்துக்கலாம்க்கா” என்றேன்.

“நிமுந்துக்கினு? மத்த ஆறு பேரும் மூடிட்டா சூளைய யாரோட சேந்து கொளுத்துவ? பாதி சூளைக்கு கேஸு எரிப்பியாடா?” என்றார்.

அக்காவின் தயவுக்குக் கணக்கு இருந்தது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தக் கணக்கில்தான் ஏழு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. சுடாத பீங்கான் சாமான் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு சூடேறினால் உள்ளே ஆவி முட்டி வெடிக்கும். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். சாமானைக் கன்னத்தில் வைத்தால், காய்ந்தது சும்மா இருக்கும், ஈரமானது சில்லென்று இருக்கும். நான் அடுக்கும்போது எல்லோருடைய சரக்கையும் அப்படித்தான் பார்ப்பேன். அன்று காலை இரட்டைக்கோட்டின் யானைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “யக்கா, உங்க தம்பி என் யானைக்கு முத்தம் குடுக்குறாரு பாருங்க! சீக்கிரம் ஒரு பொண்ணப் பாருங்கக்கா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“சில்லுனு இருக்குதுங்க. இன்னும் ரெண்டு நாளாவது ஆவணும்” என்றேன்.

“ரெண்டு நாளா? லாரிக்காரன் உங்க ஊட்டு மாப்ளையா, காத்துக்கினு இருக்க? அடுக்க வந்தியா, யானைக்கு வைத்தியம் பாக்க வந்தியா?”

பிறகு அவரே அக்காவிடம் குரலை இறக்கினார். “யக்கா, இந்த ஒரு சூளைய வுட்டுட்டன்னா நான் கொட்டாய மூடிட்டு திருப்பூரு பஸ்ஸு ஏற வேண்டியதுதான். புள்ளைங்களுக்கு வேற வழி இல்லக்கா.”

அக்கா யானையை வாங்கித் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. “வாசப்பக்கமா ஓரத்துல அடுக்குடா. மொத நெருப்ப மெதுவா வுடச் சொல்றேன்” என்றார்.

அடுக்கினேன். அடுக்கியது இந்தக் கைதான். அதை மறைக்கவில்லை.

மதியம் சூளைக்குள் சத்தம் கேட்டது. தகரக் கூரை மேல் யாரோ கல் வீசுவது போல. ஏழு கொட்டகையிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் காலை, லாரியோடு வந்த சென்னைக் கடைக்காரரின் ஆளை வைத்துக்கொண்டுதான் சூளைக் கதவைத் திறந்தோம். வெடித்த ஓடுகள் சிதறி எல்லோர் விளக்கின் மேலும் விழுந்து, மேல்பூச்சு உருகியபோது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. நல்ல விளக்கு என்று பொறுக்கி எடுக்க அதிகமில்லை.

நான் குனிந்து வாசல் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு யானைக் காலை எடுத்தேன். திருப்பினேன். இரட்டைக்கோடு. இன்னொன்று எடுத்தேன். இரட்டைக்கோடு. மூன்றாவதும் அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் இரட்டைக்கோடு சத்தம் போட்டார்.

“மூணு புள்ளி சரக்குதாங்க! ஈரத்தோட ஏத்திட்டாங்க! தம்பி கன்னத்துல வச்சி வச்சிப் பாத்துக்கினே இருந்தாரே, நீங்க எல்லாரும்தான பாத்தீங்க?”

பார்த்தார்கள்தான். பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது தலையை ஆட்டினார்கள். கன்னத்தில் வைத்தது யாருடைய யானை என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

கடைக்காரரின் ஆள், “ஈரச் சரக்கு ஏத்துனவங்களுக்கு இனிமே எங்ககிட்ட வேல இல்ல. யாருன்னு சொல்லுங்க” என்றார்.

அக்கா இரட்டைக்கோட்டைப் பார்த்தார். அவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே போடு என்று கண்ணால் சொன்னார். போட்டேன்.

“எங்க சரக்குதாங்க வெடிச்சுது. மத்தவங்க மேல தப்பில்ல. அவங்களுக்கு ஒரு வாரம் டயம் குடுங்க, செஞ்சி குடுத்துடுவாங்க” என்றார் அக்கா.

கொடுத்தார்கள். ஆறு யூனிட்டும் அந்தக் கார்த்திகையில் பிழைத்தது. சூளையில் இருந்த அத்தனையையும் கூடையில் அள்ளிப் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டினார்கள். ஆறு பேரும் அவரவர் கையால் அள்ளினார்கள். ஓடு கையில் இருந்தது, குறி ஓட்டின் அடியில் இருந்தது. ஒருவரும் ஒரு ஓட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் நான் சத்தம் போட்டேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

“ஏன்க்கா? அவன் பேச்சக் கேட்டு அடுக்கச் சொன்னீங்க. அவன் வாய்க்கு ஏன் நீங்க பதில் சொல்றீங்க?”

“அடுக்கச் சொன்னது நான்தான? எனக்கு இது போனா வேற ஒண்ணு வரும்டா, நாலு பேரு தெரியும். அவனுக்கு இது ஒண்ணுதான். அவன் பேரச் சொல்லியிருந்தா இன்னைக்கே அவன் பொழப்பு முடிஞ்சிது.”

“நம்ம பொழப்பு?”

“வுடு. நான் இருக்குற வரைக்கும் இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு.”

அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை ஒரு சொல் குறையாமல் காப்பாற்றினேன். “நான் இருக்குற வரைக்கும்” என்பது அக்கா தம் வாயால் சொன்னது.

வேறு ஒன்று வரவில்லை. ஈரச் சரக்கு ஏற்றியவர் என்ற பேச்சு அக்காவுக்கு முன்னால் எல்லாக் கடைக்கும் போய்விட்டது. தை பிறந்ததும் ஆறு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். “தொழில் வேற, பழக்கம் வேறக்கா. மனசுல வச்சிக்காதீங்க. மூணு புள்ளிய இனிமே ஏத்த வேணாம்னு எல்லாரும் பேசினோம்” என்று பிறை சொன்னார். ஆறாவது ஆளாக இரட்டைக்கோடு நின்றிருந்தார், செல்போனைப் பார்த்துக்கொண்டு. அக்கா ஆறு பேருக்கும் எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த கார்த்திகைக்கு யானை விளக்கு முழுவதும் இரட்டைக்கோட்டுக்குப் போனது. எங்கள் அச்சிலிருந்து வந்த யானைதான். அதை அடுக்கியதும் நான்தான். போக மாட்டேன் என்றதற்கு, “நீ போவலன்னா ஆறு பேரு சரக்கும் கோணிக்கும்டா, போ” என்று அக்கா அனுப்பினார். மூன்று புள்ளி இல்லாத டிராலியை இன்று வரை அடுக்குகிறேன்.

அக்கா மிச்சம் இருந்த பொம்மைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு திட்டக்குடி பஸ்ஸில் போய், சந்தையில் விற்றார். கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மழை நாளில் என்னிடம் கேட்டார்: “ரெட்டக்கோட்டுக்கு காய வக்க எடம் இருக்குதா? நம்ம கொட்டாய் சும்மாதான கெடக்குது. தொறந்து வுடு.” திறந்து விட்டேன். அவர் வந்து எங்கள் பலகையில் தம் சரக்கைப் பரப்பினார். பத்தடி தூரத்தில், கொட்டகையை ஒட்டிய எங்கள் வீட்டில், அக்கா படுத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, “யக்கா, எப்பிடி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த மழைக்காலம் முடியும் முன்பே அக்கா போய்விட்டார். கடைசி வரை அவர் அக்காவிடம் வேறு ஒன்றும் பேசவில்லை.

ஆனால் பதினாறாம் நாள் காரியத்தில் பேசினார். இரங்கல் சொல்ல எழுந்தவர், “அக்கா தங்கமானவங்க. அந்த ஒரு சூளை விசயத்த நாம எல்லாரும் அன்னைக்கே மன்னிச்சிட்டோம்” என்றார். ஐந்து யூனிட்காரர்களும் ஆமாம் என்றார்கள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லோர் டம்ளரையும் நிரப்பினேன்.

இப்போது அக்கா இல்லை. என் சத்தியமும் முடிந்தது. ஆகவே எழுதுகிறேன். அன்று வெடித்தது இரட்டைக்கோட்டுச் சரக்கு. மூன்று புள்ளிச் சரக்கு ஒன்றுகூட வெடிக்கவில்லை. அக்காவை மன்னிக்க அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை.

நம்பாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சூளைக்குப் பின்னால் அந்தப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. சுட்ட பீங்கான் மக்காது, குறியும் அழியாது. நான் போய்த் தோண்டவில்லை. எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் தோண்டட்டும். மண்வெட்டி எங்கள் கொட்டகையில் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். அன்று திருப்பாத ஓட்டை இன்றாவது திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு தேன்மொழியிடம் ராசியைப் பற்றிப் பேசுங்கள்.

அவள் குறியை மாற்ற மாட்டாள். வருகிற சூளைக்கு அவளுடைய சரக்கு வரும், அடியில் மூன்று புள்ளியோடு. அது ஏறாத டிராலியை நான் தொட மாட்டேன். வேறு ஆளை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். சரக்கு கோணினால் என்னைக் கூப்பிட வேண்டாம். போ என்று சொல்லி அனுப்ப அக்கா இல்லை. இது கோபத்தில் எழுதியதா என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம். இரட்டைக்கோட்டை மன்னிக்கும் மனது அக்காவிடம் இருந்தது, அவரோடு போய்விட்டது. எனக்கு அவர் அதை விட்டுப் போகவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா இறந்த அன்று காலை முதல் கடையைச் சாத்திவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தம் கையால் டீ போட்டுக் கொடுத்த எதிர்க்கடை அண்ணனுக்கு நன்றி. அன்றைய டீ நன்றாக இருந்தது. சொல்லி அனுப்பாமலே சேதி கேள்விப்பட்டு, சிதைக்கு வேண்டிய வைக்கோலை நல்லூரிலிருந்து தாமே ஏற்றிவந்து, மயானம் வரை நடந்து வந்த பெரியவருக்கு நன்றி. அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், துணி மாற்றிவிட்ட நர்ஸம்மாவுக்கும், இன்று சமையலைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீமுஷ்ணம் சொந்தங்களுக்கும் நன்றி.

கடைசியாக இரட்டைக்கோட்டுக்கும் ஒரு நன்றி உண்டு. பத்து நாளுக்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டு, “மலருல எனக்கும் ஒரு பக்கம் வுடுப்பா, கண்ணீர் அஞ்சலி போடணும்” என்று கேட்டுத் தம் படத்தைக் கொடுத்தார். கொடுத்ததற்கு நன்றி. படத்தைப் பெரிதாகவே போடச் சொன்னேன். எந்தப் பக்கத்தில் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். இந்தக் கட்டுரை முடியும் பக்கத்துக்கு நேர் எதிரே என்றேன். கை கூப்பிக்கொண்டு அவர் அங்கே இருக்கிறார், பாருங்கள். நீங்கள் இந்த மலரை மூடும்போது அவர் முகம் இந்த எழுத்தின் மேல் படியும். மூடி வைத்திருக்கும் காலம் முழுவதும் அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி